பொதுச் சுவர்

மபேலாவில் ஒரே மனை, இரட்டை வீடு.
அப்பா விட்டுப்போனது. அண்ணன் தம்பி பங்கு.
நடுவில் ஒரு சுவர் வரவேண்டும்.
அதற்கு விலை சொல்லத்தான் என்னை அழைத்தார்கள்,
தனித்தனியாக.

முதலில் ஹமூத்.
மேசைமேல் மாதிரிகளை எடுத்து வைத்தேன்.
ஹாலோ பிளாக்: மலிவு, உள்ளே காற்று,
காற்றோடு பேச்சும் போகும்.
வெள்ளை நுரைக்கல்: வெயிலை நிறுத்தும்,
சத்தத்திடம் அவ்வளவு கண்டிப்பு கிடையாது.
சாலிட் பிளாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.
தூக்கினார். டிஷ்டாஷாவில் சாம்பல் தடம்.
"கனம்தான் சார் வேலை செய்வது.
கனமில்லாத சுவர் மேளத்தோல்."

எந்தச் சத்தம் வரக்கூடாது?
படிவத்தில் கட்டங்கள் உண்டு:
டிவி, குழந்தைகள், சாலை, ஏசி மோட்டார்.
பேனாவை வாங்கி
மோட்டாருக்குக் கீழே, கட்டமே இல்லாத இடத்தில்
"மாஜித்" என்று எழுதினார்.

அடுத்த வியாழன் மாஜித்.
அதே நாற்காலி, அதே கல்,
தூக்கியது மட்டும் ஒரே கையால்.
"இருப்பதிலேயே நல்லதைப் போடு.
கூட ஆகும் காசு என்னுடையது.
அவனிடம் சொல்லாதே."
அவரும் இதையேதான் சொல்லியிருந்தார்.
தலையாட்டினேன்.
கமிஷன்காரனுக்கு அதுவும் ஒரு வேலை.

இரண்டு பேர் காசில்
இரண்டு சுவர், நாலு நாலு இஞ்ச்,
இடையே ஒரு விரற்கடை பாறைக் கம்பளி.
கொத்தனார் ஷஃபீக்கிடம் ஒன்றுதான் சொன்னேன்:
எங்கேயும் தொடக்கூடாது.
ஒரு துண்டுக் கம்பி, ஒரு கட்டிச் சாந்து
இடுக்கில் விழுந்து இரண்டையும் தொட்டால் போதும்,
சத்தம் அதன்மேல் நடந்து வந்துவிடும்.
சைட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.
"இவர்கள் சுவருக்கு
இதைச் சொல்லவும் வேண்டுமா?" என்று சிரித்தான்.

என் அறை காலாவில்.
எனக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே
பன்னிரண்டு மில்லி ஜிப்சம்.
அவன் வீட்டுக்கடன் தவணை எந்தத் தேதியில் என்று
அவன் மனைவிக்கு அடுத்து எனக்குத் தெரியும்.
ஒரு ராத்திரி அவன் தும்மினான்.
தூக்கத்திலேயே "நூறு" என்றேனாம்.
காலையில் அவன்தான் சொன்னான்.

சோதனை நாள்.
ஹமூத் பக்கம் ஒலிபெருக்கி,
தகரத்தில் அடைமழை மாதிரி இரைச்சல்.
இந்தப் பக்கம் மீட்டரோடு நான்.
அது என் மூச்சைத்தான் அளந்தது.
மாஜித் வந்து கன்னத்தைச் சுவரில் வைத்தார்.
பூச்சு இன்னும் ஈரம்.
ரொம்ப நேரம் எடுக்கவில்லை.
"ஒன்றுமே இல்லையா?"
"ஒன்றுமே இல்லை சார்."
நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னேன்.

கன்னத்துச் சிமென்டைத் துடைத்தபடி கேட்டார்,
எல்லாம் சரியாகச் செய்த பிறகும்
எங்கே கசியும்?
பிளக் பாயிண்டில், என்றேன்.
முதுகோடு முதுகாக இரண்டு பெட்டி வந்தால்
கல் இரண்டு பக்கமும் உடையும்,
மிஞ்சுவது கம்பளிதான்.
"அவன் பக்கம் எங்கே இருக்கிறது?"
தவிர்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து
பிளானை விரித்துக் காட்டினேன்.

விரலை அங்கேயே வைத்தார்.
"எனக்கும் இங்கே ஒன்று.
விளக்குக்கு."
அந்த மூலையில் மேசை கிடையாது, கட்டில் கிடையாது,
கதவு திறந்தால் மறைந்துபோகிற இடம்.
சார், நான் இப்போதுதானே...
"விளக்குக்கு" என்றார் மறுபடி,
பிளானைப் பார்த்துக்கொண்டே.

குறித்தேன்.
அறிக்கையில் சோதனை எண்ணை அப்படியே எழுதினேன்.
பொய்யில்லை,
பெட்டி வருவதற்கு முந்தைய எண்.

சாயங்காலம் ஷஃபீக் உளியை வைத்தான்.
நாலாவது அடியில் கல் விட்டது,
மஞ்சளாகக் கம்பளி எட்டிப் பார்த்தது.
அதற்கும் அப்பால், மெதுவாக,
யாரோ ஏணியை இழுக்கிற சத்தம்.
"சீலன்ட் வைத்து அடைக்கவா?"

பில்லில் இல்லை, என்றேன்.