பாலும் எதிர்காலமும் இல்லாத மொழி

எஸ்டோனிய மொழிக்குப் பதினான்கு வேற்றுமைகள்.
நம்முடையதைப் போல எட்டோடு நிற்பதில்லை.
நார்வா நகர மருத்துவமனையில்
சக்கர நாற்காலி தள்ளும் கிளெப்
பத்துவரை விரல்விட்டு எண்ணுவான்,
மிச்சத்துக்குச் செருப்பைக் கழற்றுவான்.

பிறந்தது இந்த ஊரில்தான். பேசுவது ரஷ்யன்.
ஆற்றுக்கு இக்கரையில் அவன் வாய் அந்நியம்,
அக்கரையில் அவன் கடவுச்சீட்டு.
இரண்டு முறை தேர்வில் தோற்றாயிற்று.

இரவு. சமையலறை மேசையில் பயிற்சி நோட்டு.
சத என்றால் நூறு.
சாத என்றால் அனுப்பு.
சாஅத என்றால் பெற.
குறில், நெடில், அதற்கப்பாலும் ஒரு மூச்சு.
அளபெடை அறிந்த நமக்கு இது புதிதல்ல,
அவன் காதுக்கோ மூன்றும் ஒன்றுதான்.
நூறு முறை அனுப்பியும் ஒன்றும் பெறவில்லை.

எதிரே உயர்ந்த நாற்காலியில்
பதினான்கு மாதத்து ஊல்யா
கரண்டியால் தட்டைத் தட்டி
"தாய்" என்கிறாள்.
அவள் வீட்டு மொழியில் அது "கொடு".
தமிழ்க்காதில் விழுந்திருந்தால்
யாரோ ஒரு பெண் எழுந்து ஓடியிருப்பாள்.

விளக்கைப் பார்த்து "தாய்".
நிலாவைப் பார்த்து "தாய்".
பூனையின் வாலைப் பிடித்தபடி "தாய்".
ஒரே சாவியைத் தெருவின் எல்லாப் பூட்டிலும்
நுழைத்துப் பார்க்கிறாள்.
யாரும் மதிப்பெண் போடவில்லை.
தப்பாகச் சொன்னால் முத்தம்,
திருப்பிச் சொன்னால் இன்னொன்று.

அவன் மருந்துக்கடையில் ஒரு விகுதி தவறினால்
கவுண்டருக்கு அப்பால் இருப்பவள்
சட்டென்று ரஷ்யனுக்கு மாறிவிடுகிறாள்.
மரியாதைதான் அது.
கதவை மெல்லச் சாத்துவதும் மரியாதைதான்.

இந்த மொழியில் பால் இல்லை என்று
ஆசிரியை மைலி முதல் நாளே சொன்னாள்.
அவன், அவள் எல்லாம் ஒரே சொல்.
எதிர்காலமும் இல்லை.
பாலும் இல்லை, எதிர்காலமும் இல்லை என்றால்
பிள்ளை பெற்றவன் என்ன செய்வான்?
(இது என் குறும்பு. கிளெப்புக்கு இந்தச் சிலேடை எட்டாது.
அவன் அறிந்த பால்
பொட்டலத்தில் "பீம்" என்று அச்சிட்டது.)

ஆறாம் அறையில் ஊர்மாஸ், நில அளவையாளர்.
மூளையில் ஒரு நாளம் அடைத்து
ஐம்பது வருடம் வாயில் இருந்த மொழி
ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது.
கையை நீட்டுகிறார். "அ... அ..."
கண் நிறைகிறது. மறுபடியும் "அ..."
தாதி தேநீருக்குப் போயிருக்கிறாள்.
அந்த அறையில் சொல் தெரிந்தவன்
கிளெப் ஒருவன்தான்.

"அக்னஸ்ஸெ," என்கிறான் தயங்கி.
சன்னலருகே என்று சொல்ல நினைத்தது,
வேற்றுமை பிசகி
சன்னலுக்குள் என்று வந்துவிட்டது.
ஊர்மாஸ் அவன் உதட்டையே பார்க்கிறார்.
பாதி வாயால் "அக்-னஸ்-ஸெ".
தப்பை அப்படியே, ஒரு மாத்திரை குறையாமல்.
பிறகு உள்ளே எங்கோ ஏதோ நெருட
மீதிப் பாதி வாயும் சிரிக்கப் பார்க்கிறது.

முழங்கால் கண்ணாடியில் முட்டும்வரை
நாற்காலியைத் தள்ளுகிறான்.
இருவரும் சன்னலுக்குள் போகிறார்கள்:
பனிப்பாளம் மிதக்கும் ஆறு, அக்கரைக் கோட்டை,
கரையில் ஒரு நாய்.
நாய்க்கு என்ன சொல் என்று
இருவருக்கும் அந்த நேரம் வரவில்லை.

மே மாதத் தேர்வில் கேட்டார்கள்:
அடுத்த ஆண்டு என்ன செய்வீர்கள்?
ஐந்து வாக்கியத்துக்கு மிகாமல்.
எதிர்காலம் இல்லாத மொழியில்
நாளைக்கும் இன்றைய வினைதான்.
(நாமும் "நாளைக்கு வரேன்" என்றுதானே கிளம்புகிறோம்.)
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
எழுதினான்:

அடுத்த ஆண்டு நான் நாற்காலி தள்ளுகிறேன்.
ஊர்மாஸ் நடக்கிறார்.
என் மகள் இரண்டு மொழியில் பால் கேட்கிறாள்.
நான் மருந்துக்கடையில் தப்பாகப் பேசுகிறேன்.
அவர்கள் காத்திருக்கிறார்கள்.