ஜெர்சி துவைத்தவன்

என் மனைவி கோகிலம்பாள் படையாச்சி
ஹாக்கியில் வென்று கொடுத்த ஆட்டங்கள் முந்நூற்றுப் பதினொன்று.
கல்லூரிச் சுவரில் பித்தளையில் பொறித்திருக்கிறார்கள்.
நான் பார்த்தது ஒன்று.
அது தோற்ற ஆட்டம்,
பித்தளையில் வராது.

தொண்ணூற்றெட்டு மே மாதம்.
கடல்காற்று கொடிக்கம்பத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.
கடைசி நிமிடத்தில் பந்து எங்கள் கோல்கீப்பரின்
காலடியில் நழுவி உள்ளே போயிற்று.
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது
"நீங்க வந்தா ஜெயிக்காது" என்றாள்.
சண்டையாக இல்லை,
மழை வரும் என்கிற மாதிரி.
நான் பேருந்து அலுவலகத்தில் நேர அட்டவணை போடுகிறவன்.
பிந்தி வந்த வண்டியிடம் காரணம் கேட்டுப் பழக்கமில்லை.

அதன்பின் இருபத்தாறு பருவம்
அவள் தொழிலை நான் வாசித்தது வாளியில்.
பதினாறு ஜெர்சி, வாழைக்குருத்துப் பச்சை.
செம்மண் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்.
கறையே இல்லையென்றால் செயற்கைப் புல், பெரிய ஊர்,
பணமுள்ள பல்கலைக்கழகம்.
காலர் கடிபட்டிருந்தால்
ஆட்டம் பெனால்டி வரைக்கும் போயிருக்கிறது.
ஏழாம் எண்ணைப் பிழிந்தால் அரை வாளி வேர்வை:
நொம்புலெலோ, மற்ற பத்துப் பேருக்கும் சேர்த்து ஓடியவள்.

சாட்ஸ்வொர்த் ஈரத்தில் எதுவும் இரண்டு நாளில் காயாது.
மின்வெட்டு நாளில் இஸ்திரிப் பெட்டியும் கைவிடும்.
ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போய்
நாலுக்கு ஒன்று என்று ஜெயித்து வந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் உப்புக்குப்பி நடுக்களம்.
ஊறுகாய் ஜாடி தற்காப்பு, அசையக் கூடாது.
ரசத்துக்குக் கை நீட்டினால்
"அது வலது விங், எடுக்காதீங்க."
எத்தனை இரவு
ரசம் இல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன் என்று
எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

இரண்டாயிரத்து ஆறு.
இறுதி ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி
அக்கா மகள் தவஷ்ணியின் பெயரை அடித்தாள்.
"முழங்கால் சரியாயிடுச்சுன்னு சொல்றா. முழங்கால் சொல்லலை."
ஜெயித்தார்கள். முதல் கோப்பை.
அடுத்த மாதம் வெருலத்தில் அக்கா வீட்டுக் கல்யாணம்.
பந்தியில் பாயசம் எங்கள் இரண்டு இலையைத் தாண்டிப் போயிற்று.
அவள் மோரை ஊற்றிச் சாப்பிட்டு
இலையை மடித்தாள், எங்கள் பக்கமாகத்தான்.
காரில் கேட்டாள், "பாயசத்துக்கு வருத்தமா?"
"ஆமாம்."
டர்பன் விளக்குகள் தெரிகிற வரைக்கும் பேச்சில்லை.
பிறகு "எனக்குந்தான்."

கடைசி ஆட்டத்துக்குக் கல்லூரி முதல்வரே கடிதம் போட்டார்:
குடும்பத்துடன் வருக.
நான் கார் நிறுத்துமிடத்தில்
மைதானத்துக்கு முதுகைக் காட்டி
கண்ணாடியைக் கால்வாசி இறக்கி உட்கார்ந்தேன்.
கூச்சலை வைத்து கோல் யாருடையதென்று சொல்ல முடியாது,
இரண்டு பக்கமும் கத்தும்.
அவள் குரலைப் பிடித்துக்கொண்டேன்.
"லிண்டிவே, அகலம்! அகலம்!"
நம் பெண்கள் கோல் போட்டால் அந்தக் குரல் நின்றுவிடுமாம்,
ஒரு மூச்சு நேரம்.
பழைய ஆட்டக்காரிகள் சொல்லியிருக்கிறார்கள்.
காத்திருந்தேன்.
அறுபது நிமிடமும் அகலம், அகலம்,
ஒருமுறைகூட நிற்கவில்லை.

கண்ணாடியைத் தட்டினாள்.
தொண்டை கட்டியிருந்தது.
"உள்ளேயே வந்து உக்காந்திருக்கலாம் நீங்க,
எப்படியும் தோத்துட்டோம்."
பின் இருக்கையில் பையைப் போட்டாள்.

பித்தளைத் தகட்டை முன்கூட்டியே அடித்துவிட்டார்கள்,
எண்ணை மாற்றும் செலவு மிச்சம்.

இனி யார் போட்டுக்கொள்ள என்று கேட்காமல்
வீடு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்தேன்.
வெள்ளை எல்லைக்கோட்டுப் பொடி, புல், கொஞ்சம் ரத்தம்.
எண்ணிப் பார்த்தேன், பதினைந்து.
இன்னொரு முறை எண்ணினேன்.
எவள் வீட்டுக் கொடியிலோ ஏழு.