பதின்மூன்றாம் வளைவு

அடிவாரச் சோதனைச் சாவடி. காலை ஐந்தேகால்.
டீக்கடை பாய்லர் இன்னும் முனகத் தொடங்கவில்லை.
தனக்கொடி ஷூ நாடாவை
இரண்டாம் முறையாக அவிழ்த்துக் கட்டுகிறாள்.
நான் படிவத்தை நீட்டுகிறேன்:
‘ஓட்டத்துக்கு முன் பதற்றமாக உணர்கிறேன்.
ஒன்று முதல் ஐந்துக்குள் குறிக்கவும்.’

“எந்தப் பதற்றம் சார்?
கைகால் உதறுமே, அதுவா?
வயித்துக்குள்ள மீன் துள்ளுமே, அதுவா?
இல்ல, கண்டக்டர் பக்கத்துல வந்தப்புறம்
சில்லறை தேடுவோமே, அதுவா?”

மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து
மொழிபெயர்த்தவன் நான்தான்.
பதில் சொல்லத் தெரியாமல்
ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தேன்.
அவள் இரண்டைச் சுழித்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.

பின்னால் மொபெட்டில் நான்.
மடியில் ஐஸ் பெட்டி, ஊசி, பஞ்சு, சோதனைப் பட்டைகள்.
வளைவில் நிறுத்திக் காதுமடலில் ஒரு குத்து,
ஒரு துளி, ஓர் எண்.
மூன்றாம் வளைவில் இரண்டு புள்ளி ஒன்று.
ஏழில் மூன்று புள்ளி நான்கு.
பத்தில் நான்கு புள்ளி ஆறு.
கீழே வெள்ளைக்கல் சுரங்க மேடுகள்
விடியும் முன்பே விடிந்ததுபோல் கிடந்தன.

பதின்மூன்றில்
பதினான்கு புள்ளி எட்டு.

வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கண்ணில் மின்னல்.
“மனச்சுவர்! அந்த இடத்துல அவ மனசு மோதியிருக்கு.
உடம்பு அதைச் சொல்லுது பாரு.
தலைப்பையே மாத்திடு.”

வேதியியல் துறைத் தரைத்தளத்தில்
ஜெசிந்தா ஒன்பது நாள் கணக்கு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள்.
கணினிகளுக்கு ஏசி,
அவளுக்குப் பழைய காலண்டர் அட்டை.
லாக்டிக் அமிலத்திலிருந்து ஒரு புரோட்டான் இறங்க
எத்தனை தண்ணீர் மூலக்கூறுகள் கைகொடுக்க வேண்டும்
என்பது அவள் கேள்வி.
ஆறாம் நாள் கரண்ட் போய்
மறுபடி முதலிலிருந்து.

திரையில் ஆற்றல் கோடு ஏறி, முகடு தொட்டு, சரிந்தது.
“உன் ஏற்காட்டு ரோடு மாதிரியே இருக்கா?
ஆனா இந்த உச்சியில
லாட்ஜ் கட்டித் தங்க முடியாது.
வந்த வேகத்துல இறங்கியாகணும்.”

என் எண்ணைக் காட்டினேன்.
அட்டை விசிறி நின்றது.
“கால் எரிச்சலுக்கெல்லாம் லாக்டேட்டைத் திட்டுறீங்க.
அது திருடன் இல்ல.
திருட்டு நடந்த வீட்ல மாட்டிக்கிட்ட விருந்தாளி.
அது இருக்கட்டும்.
வியர்வையில ரத்தத்தைவிட அதிகமா இருக்கும், தெரியுமில்ல?
காதைத் துடைச்சியா?”

துடைத்தேன் என்றேன்.
துடைத்தேனா?

இரவு, கோரிமேட்டு அறையில்
மொபெட்டில் கட்டியிருந்த போனின் பதிவை ஓடவிட்டேன்.
பதின்மூன்று.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி.
நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கிறாள் அவள்.
நெற்றி முடியிலிருந்து ஒரு கோடு வழிந்து
கன்னம் தாண்டிக் காதுமடலுக்கு வருகிறது.
பஞ்சு என் இடக்கையில்தான் இருக்கிறது,
சும்மா.
வலக்கை ஊசியோடு நடுங்குகிறது.
ஏழு மாதமாக உதவித்தொகை வரவில்லை;
ஆய்வேட்டுக்கு இன்னும் நாற்பது நாள்.
காற்று இரைச்சலுக்குள் அவள் குரல்:
“சார், உங்களுக்கு அஞ்சு போடுங்க.”

அன்று அது காதில் விழவே இல்லை.
படிவத்தில் ஆய்வாளருக்கு
ஒரு கட்டமும் இல்லை.

பேராசிரியரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம்.
“சுவர் போச்சு” என்றார்.
அட்டவணையில் அந்தக் கட்டம் வெற்றாக நிற்கிறது.
அடிக்குறிப்பு: மாதிரி வியர்வையால் கெட்டது;
பிழை ஆய்வாளருடையது.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே மலை.
கேள்வியை மூன்றாகப் பிரித்திருந்தேன்.
மீனுக்கு நாலு போட்டாள்,
சில்லறைக்கு ஒன்று.
பதின்மூன்றில் மூச்சிரைக்கக் காதைத் திருப்பினாள்.
துடைத்தேன். உலர விட்டேன். குத்தினேன்.
முதல் துளியைப் பஞ்சுக்குக் கொடுத்துவிட்டு
இரண்டாவது துளி திரளக் காத்திருக்கையில்
மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி
வளைவில் திரும்பியது.

“சீக்கிரம் சார்” என்றாள்,
“உடம்பு ஆறுது.”