நாய்க்கு என்றேன்

ஓட்காவின் விலை எனக்கு மனப்பாடம்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் டுலூத்தில் ஒன்று,
அந்தப் பக்கம் சுப்பீரியரில் இரண்டு டாலர் மலிவு,
பிளாஸ்டிக் குப்பியென்றால் இன்னும் மலிவு.
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டே
ஓட்டியும் போயிருக்கிறேன்.

மாத்திரையின் விலைதான்
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பனி தள்ளும் வண்டிகளின் கொட்டகை, மதிய இடைவேளை.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒவ்வொரு மருந்துக்கடையாக அழைக்கிறேன்.
ஐம்பது மில்லிகிராம், முப்பது மாத்திரை.
முதல் கடை: நூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாவது: காப்பீடு உண்டா?
இல்லை என்றதும் இசை போட்டார்கள்.
என் இடைவேளையில் பாதியை அந்த இசை தின்றது.
மூன்றாவதில் ஒரு பையன், புதுக் குரல்,
“எதற்கான மருந்து, சார்?”
எதிர்ப் பலகையில் கோர்டி சாண்ட்விச்சைப்
பிரித்துக்கொண்டிருந்தான்.
“நாய்க்கு” என்றேன்.

கோர்டி தலை நிமிரவில்லை.

சாயங்காலம் என் டிரக்கின் துடைப்பானுக்கடியில்
பனியில் விறைத்த ஒரு துண்டுச்சீட்டு.
நாலாம் தெரு மருத்துவமனை,
வருமானத்துக்குத் தக்க கட்டணம்,
சம்பளச் சீட்டு எடுத்துப் போ.
அதற்குக் கீழே, பென்சில் முனை ஒடிந்த இடத்திலிருந்து
நகத்தால் கீறியது போல்:
என் நாய்க்கும் அங்கேதான் வாங்கினேன்.

சீட்டை நாலு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.
அதோடு பாலத்தைத் தாண்டினேன், இரண்டு தடவை.

இரண்டு மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள்.
ஒன்று ஈரத்தில் நைந்திருந்தது, ஒன்றில் காபி வட்டம்.
ஏன் இந்த வாரம் இவ்வளவு குறைவு?
பனி பெய்யாத வாரம்
சம்பளமும் பெய்யாது என்றேன்.
செவிலி பா ஹுவா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.
ஒரு நாளைக்கு எவ்வளவு?
பாதியைச் சொன்னேன்.
பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.
மீதியையும் சொன்னேன்.

வலி மாத்திரை ஏதாவது?
பல் பிடுங்கியதற்கு, பக்கத்து வீட்டு மார்லிஸ் கொடுத்தது,
நேற்று வரைக்கும்.
அப்படியென்றால் பத்து நாள் பொறுக்கணும்.
கல்லீரல் என்ன சொல்கிறதென்றும் பார்க்கணும்.
அதுவரை சட்டென்று நிறுத்திவிடாதே,
உடம்பு உதறினால் அவசரப் பிரிவுக்கு ஓடி வா.
இதுவரை என்னிடம் யாரும்
நிறுத்தாதே என்று சொன்னதில்லை.
ரத்தம் எடுக்கையில் சுவரைப் பார்த்தேன்;
பல் துலக்கும் முறையை விளக்கும் ஒரு முயல் படம்.

அந்தப் பத்து நாளும் குடித்தேன்.

பதினோராம் நாள் கல்லீரல் ஒருவழியாகச் சரியென்றது.
கட்டணம் ஒன்பது டாலர்.
மறுபடி கேட்டேன். ஒன்பதுதான்.
குப்பி ஒன்றுக்கும் குறைவாக இருந்ததில்
எனக்கேனோ கோபம் வந்தது.

குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு மாத்திரை.
ஒரு மணி நேரம்!
அடுப்பைத் துடைத்தேன், சொட்டும் குழாயை முறுக்கினேன்,
இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி.
ஏரிப் பக்கம் பருவத்தின் கடைசித் தாதுக்கப்பல்
பாலம் தூக்கச் சொல்லி ஊளையிட்டது.
பாலம் பதிலுக்கு ஊளையிட்டது.
பிறகு ஊற்றினேன்.
தொண்டையில் அதே எரிச்சல்.
அதற்கப்புறம் வழக்கமாய்க் கதவைத் திறப்பவன்
வீட்டில் இல்லை.
கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் மேசைமேல் டம்ளர்,
அதில் பாதி.
வேறு யாரோ வைத்துவிட்டுப் போனதாக நினைத்துப்
பின்கதவின் தாழ்ப்பாளைக்கூடப் பார்த்தேன்.

கொட்டகையில் கோர்டி சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான்.
“நாய்?”
“கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டது.”
“நேற்றா?”
“நேற்று மட்டும்.”
“ம்” என்றான்.
எட்டு அங்குலம் பெய்யுமாம் இன்றைக்கு,
மேட்டுத் தெருக்கள் உனக்கு என்று
சாவியை எறிந்தான்.