இழுக்கிற வண்டியின் எண்

இங்கே ட்ரெய்லருக்குச் சொந்த எண் கிடையாது.
இழுக்கிற வண்டிக்கு எதுவோ
அதுவே அதன் முதுகிலும்:
மஞ்சளில் கறுப்பு,
இருட்டினால் எரிய மேலே ஒரு சின்ன விளக்கு.
லானிட்லோஸில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நான்
நாளைக்கு நாலு தடவை ஒப்பிக்கிற பாடம் இது.

செவ்வாய்க்கிழமை, மழையோடு மழையாக
எலினெட் வந்து நின்றார்.
ட்ரெய்லரில் மூன்று செம்மறிகள்
கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி
என் கடைப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தன.

"வண்டி மாறிப்போச்சு மெய்ரிக், தகட்டை மாத்து."
"வண்டித் தாள்? உங்க அடையாள அட்டை?"
"என் கல்யாணக் கேக்கை மூணு துண்டு தின்னவன் நீ."
"தின்னேன். அட்டையைக் காட்டுங்க."

அட்டையில் எலினெட் ப்ராஸர்.
புது வண்டித் தாளில் எலினெட் பெவன்.
நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
"ரெண்டும் நான்தான்" என்றார்,
ஈரக் கையுறையைக் கழற்றாமல்.
நான் எதுவும் கேட்கவில்லை.
எழுத்து அச்சாகும் இயந்திரம் மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

பழைய தகட்டின் திருகாணிகள் துருவேறி
மூன்றாவது, தலையே உடைந்து கையோடு வந்தது.
எம்ரிஸின் வேன் எண்.
அதைக் கழற்றினால் அடியில் இன்னொன்று:
அவர் அப்பாவின் ஜீப், ஒரு மூலை விண்டது.
அதற்கும் அடியில் வெறும் தகரம்,
வெயிலே படாத பச்சைச் சாயம்,
நேற்றுப் பூசியதுபோல.

"குப்பையில் போடட்டுமா?"
"வேண்டாம். கோழிக்கூட்டில் நரி நுழையற ஓட்டை இருக்கு.
ரெண்டும் வேணும்."

"புதுசுக்குத் திருகாணியா, ஒட்டு நாடாவா?"
விலையைக் கேட்டபோதுகூட
இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை அவர்.
"நாடா."

கிளம்பியபோதுதான் பார்த்தேன், விளக்கு எரியவில்லை.
மழையில் ஓடிப்போய் நிறுத்தி
பல்பு மாற்றினேன்; காசு வாங்கவில்லை.
வெளிச்சத்தில் தகடு பளிச்சென்று நின்றது,
ஒரு நிமிடம்தான்.
ஓர் ஆடு நிதானமாக வாலைத் தூக்கியது.
முதல் இரண்டு எழுத்துகள் போயின.

எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் சட்டம் உண்டு.
கையில் துணிகூட இருந்தது.
அவர் கியரைப் போட்டுவிட்டார்;
நானும் கையசைத்துவிட்டேன்.