பெட்டிச் செய்தி

எங்கள் பக்கம் யாராவது செத்தால்
படத்தோடு ஒரு தாள் அச்சடித்து
கதவில், பேருந்து நிறுத்தத்தில், லிண்டன் மரத்தில் ஒட்டுவோம்.
நாற்பதாம் நாளுக்கு ஒன்று,
ஆறாம் மாதத்துக்கு ஒன்று,
பிறகு வருடத்துக்கு ஒன்று.
பல்கேரியாவின் இந்த மூலையில்
உயிரோடிருப்பவர்கள் வேலை தேடிப் போய்விட்டார்கள்.
தெருவில் நிற்பதெல்லாம் செத்தவர்கள்தான்.

போன மார்ச்சில், டான்யூப் கரையில், லோம் நகரில்,
மருந்துக்கடை எதிரே புதிதாக ஒரு தாள்:
"நெஜாத் பே. வயது ஐம்பத்திரண்டு.
கப்பல் முதலாளி. இரண்டு பெண்களின் தகப்பன்.
நேற்றிரவு எட்டு நாற்பதுக்கு,
விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்,
சொந்தத் தம்பியால் சுடப்பட்டுக் காலமானார்."

மூன்றாவது பெண் ஒருத்தி உண்டு.
குடும்ப மானம் கருதி விட்டிருந்தார்கள்.

ஒட்டியவர் ஸ்திலியானா பெஞ்சேவா,
குடிநீர் மீட்டர் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர்.
நானூற்றெண்பது இரவுகள்
அந்தத் துருக்கி சீரியல்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்.
கட்டின புருஷன் அதில் பாதிகூட
வீட்டில் சாப்பிட்டதில்லை என்பதை
நான் எழுதவில்லை.
விதின் வாரப் பத்திரிகையில் பெட்டிச் செய்தி என் பொறுப்பு.
அறுபது சொல். அதற்குமேல் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நகராட்சி கேட்டது: இறப்புச் சான்றிதழ் எங்கே?
ஸ்திலியானா எழுதினார்:
ஒளிபரப்பான தேதி, நேரம், சேனல்.
சாட்சி, ஊர்.
அதிகாரி நெடுநேரம் யோசித்தார்.
அவர் வீட்டிலும் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை.
அபராதம் நாற்பது லேவா என்று எழுதி
ஆழ்ந்த அனுதாபங்கள் என்று முடித்தார்.

பாதிரியார் எவ்திமி மட்டும் பிடிகொடுக்கவில்லை.
"அந்த ஆள் முஸ்லிம்.
அதற்கும் முன்னால், அம்மா,
அந்த ஆள் இல்லை."

இல்லாதவருக்கு நாற்பதாம் நாள் வந்தது.
எட்டுக் கிலோ கோதுமை அவித்து
சர்க்கரையும் வால்நட்டும் தூவி
காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள்.
சோபியாவிலிருந்து கேமராவோடு வந்த பெண் கேட்டாள்:
"இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"
"பார்வையாளர்" என்றார் ஸ்திலியானா.
அவள் மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் மெதோதி வந்தார், கையில் சுரண்டும் தகடோடு.
பேயின் தாள் ஒட்டியிருந்தது
அவர் அண்ணன் ராங்கெலின் நெற்றிமேல்.
கடைசல் பட்டறைத் தொழிலாளி, எழுபத்தெட்டு,
பிப்ரவரியில் போனவர்.
"என் அண்ணனை அடக்கம் பண்ணும்போது
ஒன்பது பேர், வண்டிக்காரனையும் சேர்த்து.
இங்கே என்ன திருவிழா?"
யாரோ அவர் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள்.
தின்றார். கூட்டத்தை எண்ணினார். நூற்றுப் பத்து.
"சுட்டது யார்?"
"தம்பி."
"என்ன தகராறு?"
"சொத்து."
மெதோதி
இன்னொரு கோப்பை கேட்டார்.

செத்தும் கொடுத்தவர்கள் கதை ஊருக்கு ஊர் உண்டு.
செத்துவிட்டு, சம்பளம் கூட்டியதும்
எழுந்து வந்தவர் இவர் ஒருவர்தான்.
செப்டம்பரில் நெஜாத் பே திரும்பினார்,
பேயாக அல்ல.
இஸ்மிர் ஆஸ்பத்திரியில், தாடியோடு,
தான் யாரென்று தெரியாமல்.

ஊரே ஸ்திலியானா வீட்டு ஜன்னலைப் பார்த்தது.
அவர் சேனலை மாற்றிவிட்டார்.
"எட்டுக் கிலோ கோதுமை" என்றாராம்,
"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."
இப்போது பார்ப்பது சமையல் போட்டி.
அதில் யாரும் சாவதில்லை, உப்புத்தான் கூடிப்போகிறது.
மரணத்தை ரத்துசெய்ய நகராட்சியில் படிவம் இல்லை,
அதனால் தாள் அப்படியே இருக்கிறது.
மழையில் ஊறி, கீழ்த் தாளும் மேல் தாளும்
ஒரே முகமாகிவிட்டன.
கப்பல் முதலாளிக்குப் பட்டறைக்காரனின் தாடை.

எட்டு நாற்பது ஆனால்
மெதோதி மருந்துக்கடைக்கு வந்துவிடுகிறார்.
கல்லாவுக்கு மேலே அங்கே ஒரு சின்ன டிவி.
கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவதால்
கடைக்காரப் பெண்ணிடம்தான் கேட்பார்:
"நினைவு திரும்பிவிட்டதா?"
"இன்னும் இல்லை."
"நல்லது" என்கிறார் மெதோதி.
தொப்பியைப் போட்டுக்கொண்டு,
அறுபது சொல்லுக்கு வெளியே
நடந்து போகிறார்.