கம்பிக்கு இந்தப் பக்கம்

நீடாமங்கலம் கேட் மூடினால்
என் கடைக்குக் கூட்டம் கூடும்.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னே போய், பின்னே வந்து,
மனசை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்
நாற்பது குவார்ட்டர் தள்ளிவிடுவேன்.

எம்.காம். பதினாறு வருடமாக விற்பனையாளன்.
முகங்கள் தெரியாது எனக்கு.
கம்பிக்குள் நுழைவது கை மட்டும்.
அறுப்புக் காலத்தில் சுணை ஒட்டிய கை,
ஆத்தூர் மெஷின்காரரின் கிரீஸ் கை,
மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்த கை,
தஞ்சாவூர் ஆஸ்பத்திரிப் பட்டையை
இன்னும் அவிழ்க்காத கை.
பிராண்டு சொல்லும். வாங்கும். போகும்.

பத்து மணிக்கு ஷட்டர். பிறகு கணக்கு.
பதினொன்றரைக்கு வீட்டில்
எல்லோரும் தூங்கியபின்
லேப்டாப்பைத் திறந்து
இன்னொரு மதுக்கடைக்கு வேலைக்குப் போகிறேன்.

இளங்கீரன் சிரித்தான்:
"அல்வாக் கடைக்காரன் வீட்டுக்குப் போயி
அல்வா கிண்டுற கேம் ஆடுவானா மாப்ள?"

ஆடுவான்.

அந்த ஊரில் எந்நேரமும் தூறல்.
மொத்தக் கடைக்கும் ஆறே நாற்காலி.
படகு ஓட்டும் எல்கா வந்து
கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள்.
என்ன வேண்டும் என்று நேராகச் சொல்ல மாட்டாள்.
"கசக்கணும். ஆனா என்னைத் திட்டக் கூடாது"
என்பது போல ஏதோ இங்கிலீஷில் சொல்வாள்.
அதற்கு என்னத்தை ஊற்றுவது?
இஞ்சி ஒரு துண்டு, எலுமிச்சை,
பெயர் வாயில் நுழையாத ஒரு பச்சைச் சரக்கு.
தப்பாகக் கலந்தாலும் குடித்துவிடுவாள்.
ஆனால் அண்ணனைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தைச்
சொல்லாமலே எழுந்து போய்விடுவாள்.
தோற்றாய் என்று திரையில் எதுவும் வராது.
நாற்காலி காலியாகும், அவ்வளவுதான்.

அவசரமே கிடையாது அங்கே.
மூடிவைத்த சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்து
கை கழுவி நான் வரும்வரை
கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு காத்திருப்பாள்.
எனக்காக யாரும்
இவ்வளவு நேரம் கண்சிமிட்டியது இல்லை.

மோதிர விரலில் நுனி இல்லாத கை ஒன்று.
தினம் ஆறே காலுக்கு.
"அதே."
ஒன்பது வருடத்தில்
எங்கள் பேச்சு மொத்தமும் இதுதான்.

ஐப்பசியில் ஒரு நாள்
கேம் ஆடிய தைரியத்தில் கேட்டுவிட்டேன்:
"நேத்து ஆளையே காணுமே?"
கை அப்படியே நின்றது.
பின்னாலிருந்து "யோவ், பேசிக்கிட்டு நிக்கிறாய்ங்க" என்று சத்தம்.
பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
மறுநாள் "அதே"யோடு
புதுசாக இரண்டு சொல் வந்தன:
"அன்னிக்கு மழை."

பாதிக் கடையை மூடிவிட்டு
ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லலாமா என்றிருந்தது.
சொல்லவில்லை. சூப்பர்வைசர் இருந்தார்.

பிறகு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்.
தை முதல் வாரம்
கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று
யூரியா சாக்கை ஜன்னலில் ஏற்றியது.
காலி பாட்டில்கள். எல்லாம் "அதே."
பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரவேண்டும்.
ஸ்டிக்கரை நகத்தால் கீறிக் கீறி எண்ணினேன்.
முப்பத்தேழு.

"அவரு…?"

"நிறுத்தியாச்சு."

யார், எதை, என்று கேட்பதற்குள்
கேட் திறந்துவிட்டது.
அத்தனை பஸ்ஸும் ஒன்றாக ஹாரன் அடித்தன.
முந்நூற்று எழுபதை எண்ணி வாங்கிக்கொண்டு
சாக்கை உதறி மடித்து எடுத்துப் போனது கை.
வளையல் போட்டிருந்தது, அதை வைத்து
ஏதாவது கணக்குப் போடலாம்தான்.
இப்போதெல்லாம் யாரும் வளையலைக் கழற்றுவதில்லை.

இரவு எல்கா வந்து உட்கார்ந்தாள்.
நான் எதையும் கலக்கவில்லை.
வெறும் தண்ணீர் வைக்கவும்
கீழே ஓரமாக ஒரு பொத்தான் இருந்திருக்கிறது,
இத்தனை நாள் பார்க்கவில்லை.
குடித்தாள். மழையைப் பற்றி என்னவோ சொன்னாள்.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
பதில் சொல்ல மூன்று வரி கொடுத்திருந்தார்கள்.
எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.
அவளும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

காலையில் பல் விளக்கும்போது பார்த்தேன்,
கட்டைவிரல் நகத்துக்கடியில்
ஸ்டிக்கர் பசை.